தாத்தாவின் ஜப்பான் ரிவால்வர்: ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈசூனிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் என் மனைவிக்கு மூத்த தோழி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, அம்மா வீடு மாறுறாங்க. தாத்தாவோட டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். துப்பாக்கி உறை ஒண்ணு இருக்கு, போட்டோவும் இருக்கு. இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?"

நான் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன். ஆர்ம்ஸ்கோட் எனும் ஆயுத அறையில் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, எண்ணி வைப்பதுதான் வேலை. ரிவால்வர் மேல் பிடித்த ஆசை வேலையை விட்ட பிறகும் விடவில்லை. ஆனால் சிங்கப்பூரில் இருப்பவன் இந்த ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வீட்டில் ஒரு ரிவால்வர்கூட வைத்திருக்க முடியாது. உரிமம் பெற்றுச் சுடுகிறவர்களும் கிளப்பில் சுடுவார்கள், கிளப்பின் ஆயுத அறையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். அசல் போலிருக்கும் மாதிரித் துப்பாக்கியைத் தருவிக்கக்கூட அனுமதி வேண்டும். அதனால் நான் சேர்ப்பதெல்லாம் ரிவால்வரைச் சுற்றி இருந்த பொருள்கள்: உறை, இடுப்புவார், துப்பாக்கி விழாமல் கட்டிவைக்கும் லேன்யார்டு கயிறு, பழைய விலைப்பட்டியல், பயிற்சிக் கையேடு, புகைப்படம். பாதிக்குமேல் சுங்கை ரோடு சந்தையில் வாங்கியவை. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிய பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே வெறுமைதான்.

எனவே, இந்த நிகழ்வில் அடையாளம் காணப்பட்ட ரிவால்வரை நான் தொட்டதே இல்லை. அது எண்பது வருடமாக யார் கண்ணிலும் பட்டதில்லை.

குடும்பம் சொன்ன கதை

தாத்தா ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து, ஜூலை 5-ஆம் தேதி பாடாங் திடலில் படையைப் பார்வையிட்ட செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. இவரும் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்துவிட்டார். ஜப்பானிய அதிகாரி ஒருவர் இவருடைய துணிச்சலைப் பார்த்துத் தன் ரிவால்வரையே பரிசாகக் கொடுத்தாராம். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும், ஓர் இரவு அதை ரோச்சோர் கால்வாயில் போட்டுவிட்டு வந்தாராம். பிறகு செம்பவாங் கடற்படைத் தளத்தில் குடிமைப் பணியில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை இது.

அக்கா வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினார். காக்கி உடையில், மெலிந்த முகத்தில் பெரிய கண்களோடு ஓர் இளைஞர். வலக்கையில் ரிவால்வரைப் பிடித்து, மார்புக்குக் குறுக்கே வைத்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கினேன். ஹேமரின், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலின், பின்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. கட்டைவிரலால் இழுப்பதற்கான முள் அதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பினேன்: "கதை சரிதான் அக்கா. ஜப்பானின் டைப் 26."

நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்த அவசரத்தைச் சரிசெய்த கதையைத்தான் எழுத வந்தேன்.

டைப் 26 என்று ஏன் நினைத்தேன்

ஜப்பானின் மெய்ஜி ஆட்சியின் 26-ஆம் ஆண்டு, அதாவது 1893-ல், அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட ரிவால்வர் அது. ஆறு தோட்டா, 9 மில்லிமீட்டர். மேல்பிடியை விடுவித்தால் பேரல் (குழல்) முன்பக்கம் மடிந்து திறக்கும். ஹேமரில் முள் கிடையாது. டிரிகரை முழுக்க இழுத்தால்தான் சுடும். பெரும்பாலான ரிவால்வர்களில் முள் இருக்கும் என்பதால், அது இல்லாத ஒன்றைப் பார்த்ததும் கண் நேராக டைப் 26-க்குப் போய்விடும். அதிலும் ஜப்பானிய அதிகாரி கதையைக் காதில் வாங்கிக்கொண்டே படத்தைப் பார்த்திருக்கிறேன். கண் கதைக்கு வளைந்துவிட்டது.

இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ரிவால்வரைப் பார்த்ததும் பெயரைத் தேடாதீர்கள், எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். மடிந்து திறப்பது ஒரு குடும்பம், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருவது இன்னொரு குடும்பம். பக்கவாட்டுக் குடும்பத்தில், சிலிண்டரை விடுவிக்கும் பொத்தானை முன்னால் தள்ளினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பின்னால் இழுத்தால் கோல்ட். சுடுகிறவர் கண்ணுக்கு கோல்ட்டின் சிலிண்டர் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எதிர்த்திசையில். அப்புறம் தோட்டா அறைகளின் எண்ணிக்கை, குறி பார்க்க உதவும் முன் குறிமுள்ளின் வடிவம், கைப்பிடியின் அடிப்பகுதி. முத்திரையும் எழுத்தும் கடைசியில்தான். எழுத்தைத் தேய்க்கலாம், மேலே வேறு எழுத்தைக் குத்தலாம். திறக்கும் விதத்தை யாரும் மாற்ற முடியாது. இந்த வரிசையை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நானே அன்று அதைப் பின்பற்றவில்லை.

தகர டப்பா

மறுநாள் மாலை ஈசூன் போனேன். வரவேற்பறைத் தரையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். கேன்வாஸ் உறை, சுருட்டிய கயிறு, பித்தளைத் துடைகோல், தபால் அட்டை அளவிலான அசல் புகைப்படம். ஓரத்தில் மூடி துருப்பிடித்த ஒரு தகர டப்பா.

"இதைத் திறந்தீங்களா?"

"பையன் திறந்து பார்த்துட்டு மூடிட்டான். உள்ளே ஏதோ புல்லட் மாதிரி இருக்குன்னான்."

மூடி சரியாகப் பொருந்தாமல் சாய்ந்திருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தேன். நாலைந்து தோட்டாக்கள், குட்டையும் தடியுமாக, அடியில் விளிம்பு வைத்தவை. கூட்டில் பச்சைக் களிம்பு. குண்டின் தலைப்பகுதி மட்டும் வெளுத்த உலோகப் பளபளப்போடு தெரிந்தது. ஒன்றை எடுத்து அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஆலையின் குறியும் வகையும் அங்கே குத்தியிருக்கும், என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கை நீளப் பார்த்தது. நீட்டவில்லை.

நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒரே தட்டில் வைக்கிறது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. துப்பாக்கியின் தனிப் பாகம்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். தாத்தா பெட்டியில் இருந்தது, நினைவுப்பொருள் என்றெல்லாம் நினைத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எண்பது வருடம் ஈரக்காற்றில் கிடந்த வெடிமருந்து எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. தொடாதே, நகர்த்தாதே, குப்பையில் போடாதே, போலிசைக் கூப்பிடு. அவ்வளவுதான்.

அக்காவே 999-ஐ அழைத்தார். பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கீழே வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் தரைத்தளத் திறந்தவெளியில், போய் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, தாத்தாவின் மூத்த மகள். "அப்பா பேரு கெட்டுப்போயிடுமா தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனத்தில் இருக்கிறது. கெடாது அம்மா, நாமே சொல்லித்தானே கொடுக்கிறோம் என்றேன். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எடுத்துப்போனார்கள், வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். பண்பாகத்தான் நடந்துகொண்டார்கள். உறையும் கயிறும் துடைகோலும் படமும் குடும்பத்திடமே இருந்தன.

சந்தேகம் தொடங்கிய இடம்

அன்றிரவு தூங்க முடியவில்லை. அந்த வெளுத்த பளபளப்புதான் உறுத்தியது. டைப் 26-இன் தோட்டாவில் இருப்பது வெறும் ஈயக் குண்டு. ஈயம் எண்பது வருடத்தில் மங்கிச் சாம்பல் பூத்துப்போகும். நான் பார்த்த குண்டுக்கு உலோக உறை இருந்தது. அப்படி உறையிட்ட குட்டைத் தோட்டா ஒன்று நினைவுக்கு வந்தது: ஆங்கில ராணுவத்தின் .380 மார்க் 2. முதலில் அவர்கள் 200 கிரெய்ன் எடையில், ஏறக்குறைய 13 கிராம், ஈயக் குண்டைத்தான் வைத்திருந்தார்கள். ஈயம் உடலுக்குள் நசுங்கி விரியும், போர் விதிகளை மீறுவதாகும் என்ற அச்சத்தில் உறையிட்ட 178 கிரெய்ன் குண்டுக்கு மாறினார்கள்.

அந்தத் தோட்டாவைச் சுட்ட ரிவால்வர்களில் ஹேமர் முள் இல்லாதது ஒன்று உண்டு. என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1 ஸ்டார்.

முதல் உலகப் போரின் .455 அங்குல வெப்லி ரிவால்வர் கனமாக இருக்கிறது, சாதாரணச் சிப்பாய்க்குப் பழக்குவது கடினம் என்று ஆங்கில ராணுவம் சிறிய ரிவால்வர் கேட்டது. வெப்லி நிறுவனம் .38 அங்குலத்தில் ஒன்றை வடிவமைத்துக் காட்டியது. அரசு அந்த வடிவத்தைத் தன் என்ஃபீல்டு ஆலைக்குக் கொண்டுபோய், கொஞ்சம் மாற்றி, தானே செய்துகொண்டது. வெப்லி வழக்குப் போட்டது; நெடுநாள் கழித்து 1,250 பவுண்டுதான் கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெப்லியின் வடிவமைப்பாளர்களை நினைத்து வருத்தமாக இருக்கும். 1932-ல் என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1 படைக்கு வந்தது. டாங்கிக்குள் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஹேமர் முள் எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்ற புகாரால் 1938-ல் முள்ளை எடுத்துவிட்டார்கள். அதுதான் மார்க் 1 ஸ்டார். ஏற்கெனவே செய்தவற்றில் பெரும்பாலானவையும் அப்படியே மாற்றப்பட்டன.

ஆக, ஆறு தோட்டா, மடிந்து திறக்கும், முள்ளில்லா ஹேமர், கைப்பிடியின் அடியில் கயிறு மாட்ட வளையம். நான்கும் டைப் 26-க்கும் பொருந்துகின்றன, என்ஃபீல்டுக்கும் பொருந்துகின்றன. நான் விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான்.

உறை, அட்டை, படம்

அடுத்த சனிக்கிழமை பூதக்கண்ணாடி, அளவுகோல், கைவிளக்கு எல்லாவற்றோடும் போனேன். உறை 1937 மாதிரி கேன்வாஸ் உறை. மூடியின் உட்புறத்தில் மை மங்கிய முத்திரை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது படிக்க முடிந்தது: எம். இ. கோ., கீழே 1940, பக்கத்தில் மூன்று கோட்டு அம்புக்குறி. எம். இ. கோ. என்றால் மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி. அந்த அம்பு ஆங்கில அரசுடைமையின் அடையாளம். உறை ஆங்கிலேயருடையது என்பதில் ஐயமில்லை.

ஆனால் உறையை வைத்து ரிவால்வரை முடிவு செய்யக் கூடாது. போர்க்காலத்தில் கிடைத்த உறையில் கிடைத்த துப்பாக்கியைச் செருகிக்கொண்டவர்கள் ஏராளம். அதனால் தடித்த அட்டையில் இரண்டு உருவங்களையும் அசல் அளவில் வெட்டினேன். என்ஃபீல்டின் மொத்த நீளம் 260 மில்லிமீட்டர், டைப் 26 ஏறத்தாழ 230. உறையின் அடியில் பேரல் முனை இடித்து இடித்து ஒரு வட்டக் கறை விழுந்திருந்தது. சிலிண்டர் உரசிய இடத்தில் நூல் வழவழத்திருந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. ஒன்றின் பேரல் 127 மில்லிமீட்டர், மற்றது 120. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சுருங்கி நைந்த கேன்வாஸில் அளக்கப் புகுந்தால் நமக்குப் பிடித்த விடைதான் வரும். அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியில் படம்தான் பேசியது. வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படமல்ல, அசல். அக்காவின் மகன் அதை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தார். தாத்தாவின் கை ரிவால்வரின் வலப்பக்கத்தைக் காட்டுகிறது; கைப்பிடியை உள்ளங்கை மூடிவிட்டது. என்ஃபீல்டு என்றால் கைப்பிடியின் வலப்பக்கம் ஒரு சிறு பித்தளை வட்டு இருக்கும், படைப்பிரிவின் எண்ணைக் குத்துவதற்கு. அதுவும் மறைந்துவிட்டது. திறக்கும் விசை இடப்பக்கம், அதுவும் தெரியாது. ஆனால் ஹேமருக்கு முன்னால், ரிவால்வரின் உடற்சட்டத்தின் (ஃபிரேமின்) மேல், குதிரைச் சேணத்தின் அங்கவடியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு பிடி இருபுறமும் கவ்வியிருக்கிறது. அதன் வலக்கால் திரையில் தெளிவாகத் தெரிந்தது. வெப்லி, என்ஃபீல்டு இரண்டுக்கும் உரிய அமைப்பு அது. டைப் 26-இல் கிடையாது. பேரல் நுனியில் குறிமுள் தனித்தகடாக, ஒரு மேட்டில் செருகித் திருகப்பட்டிருந்தது. அங்கவடியும் முள்ளில்லா ஹேமரும் சேர்ந்தால் என்ஃபீல்டு மார்க் 1 ஸ்டார்தான். இதற்குப் பிறகு வந்த மார்க் 1 டபுள் ஸ்டார் 1942-ல் ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்துவிட்டதால் அது தாத்தா கைக்கு வந்திருக்க வழியில்லை.

ஐஎன்ஏ கையில் ஆங்கில ரிவால்வர் எப்படி? சிங்கப்பூரில் சரணடைந்தவர்களின் ஆயுதங்கள் ஜப்பானியர் வசம் போயின. ஐஎன்ஏவுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி அப்படிக் கைப்பற்றப்பட்டவைதான். ஆகவே ஜப்பானியர் கொடுத்தார்கள் என்ற வரை குடும்பக் கதை உண்மையாக இருக்கலாம். கொடுத்தது ஜப்பான் ரிவால்வர் என்பது மட்டும் சரியல்ல.

உறையைக் காப்பாற்றியது

ரிவால்வராக இருந்திருந்தால் எனக்குப் பழகிய வேலை. திறந்து, காலி என்று இரண்டு முறை பார்த்து, ஒவ்வோர் அறையிலும் பேரலிலும் தூரிகை விட்டு, தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஒட்டிய மருந்துத் துகளை எடுத்து, மெல்லிய எண்ணெய் பூசி முடிப்பேன். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பற்றுமருந்து உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுத்து ஒரே வாரத்தில் பேரலைத் தின்றுவிடும். அதனால் அன்றைய சிப்பாய்கள் முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, அப்புறம்தான் எண்ணெய் போட்டார்கள். துடைகோலின் கண்ணில் இன்னும் ஒரு துண்டு ஃபிளானலெட் துணி மாட்டியிருந்தது. நான்கு அங்குலத்துக்கு இரண்டு. நம் தேசிய சேவைப் பிள்ளைகளுக்கும் ஃபிளானலெட் என்றால் தெரியும். அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேன்வாஸ் வேறு விவகாரம். நம் ஊர்க் காற்றில் பூஞ்சை விடாது. துவைத்துவிடலாமா என்று அக்கா கேட்டார். துவைத்தால் முத்திரை மை போய்விடும், துணி சுருங்கும், பித்தளைக் கறை நூலுக்குள் இறங்கும். வெயில் படாத காற்றில் ஒரு நாள் உலரவிட்டு, மெல்லிய தூரிகையால் பூஞ்சையை வெளிப்பக்கம் தள்ளித் தள்ளி எடுத்தேன். மூக்கில் முகமூடி கட்டாயம். பித்தளைக் கொக்கியின் பச்சைக் களிம்பை மூங்கில் பல்குச்சியால் சுரண்டினேன். பிராசோ எனும் பித்தளை மெருகுத் திரவம் போடவே கூடாது. மினுங்கும்தான், ஆனால் கேன்வாஸ் மடிப்பில் வெள்ளைப் பொடி தங்கிவிடும், பழமையின் நிறமும் போய்விடும். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் உலர்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. ஈரப்பதம் 45 முதல் 50 சதவிகிதத்தில் வைத்தோம். உறையின் உள்ளே அமிலமில்லாத காகிதத்தைப் பந்தாகச் சுருட்டி வைத்ததால் வடிவம் நிற்கிறது.

தூரிகையில் பச்சை கலந்த மாவு போல ஏதோ வந்துகொண்டே இருந்தது. பூஞ்சை அல்ல. கேன்வாஸ் சாமான்களுக்கு அந்தக் கால ஆங்கிலச் சிப்பாய்கள் பூசிய பிளாங்கோ எனும் நிறப்பூச்சு. அடுக்கடுக்காக, பல முறை பூசிய தடம். 1945-க்குப் பிறகு யார் பூசியிருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா தீபாவளிக்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கிட்டு அதுக்குப் பச்சை மாவு தேய்ப்பாரு. பேஸ்ல வாங்கிட்டு வருவாரு. எங்களைத் தொட விடமாட்டாரு."

கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவருக்கு பிளாங்கோ கிடைப்பதில் என்ன சிரமம்? இதை யாரும் அதுவரை சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பதும் உண்மை. தூரிகையை அங்கேயே நிறுத்திவிட்டேன். மீதிப் பிளாங்கோ உறையிலேயே இருக்கிறது.

அட்டைக் குறிப்பு

அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அக்காவிடம் நேரிலேயே சொன்னேன். அவர் மகன் அதற்குள் ஜப்பான் ரிவால்வர் என்று உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். அவனே எல்லோருக்கும் மாற்றியும் எழுதினான். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா ஜப்பான்னுதான் சொன்னாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாதாடவில்லை.

கண்ணாடிப் பேழையில் வைக்க ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் எழுதி எழுதி அடித்து, கடைசியில் இப்படி முடித்தேன்:

"ரிவால்வர் உறை, 1937 மாதிரி, 1940-ல் செய்தது. புகைப்படத்தில் தாத்தா வைத்திருப்பது என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1 ஸ்டார். ஜப்பானியரிடமிருந்து கிடைத்ததாக அவர் சொன்னார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள் இந்த உறைக்குப் பச்சை பூசுவார்."

அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.